காற்றடித்த பிறகு அடுக்களைப் புகைக்கூண்டில் விரிசல்: பூசினால் போதுமா, பிரிக்கணுமா?

திருவட்டாறு_வாசி (கேள்வி):

வீட்டின் முன்பகுதி காங்கிரீட், பின்னால் அடுக்களை மட்டும் பழைய ஓட்டுக்கூரை. விறகடுப்புக்கு மேலே செங்கல் புகைக்கூண்டு இருக்கிறது. வெளியளவு ஒன்றரை அடி சதுரம், உள்ளே முக்கால் அடி சதுரம், ஓட்டுக்கு மேலே ஏழடி உயரம். உச்சியில் நாலு மூலைக்கும் செங்கல் கால் வைத்து, இரண்டடிக்கு இரண்டடி சிலாப் ஒன்றைத் தொப்பியாகப் போட்டிருக்கிறார்கள்.

போன வாரக் காற்று மழைக்குப் பிறகு தெரிபவை: தொப்பி சிலாப் லேசாகத் திரும்பியிருக்கிறது. ஓட்டை ஒட்டிக் கொஞ்சம் மேலே பூச்சில் ஒரு கோடு. அடுப்புக்குள் தினமும் கொஞ்சம் பொடி விழுகிறது. அடுக்களைச் சுவரில் கூண்டை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் நீர் இறங்கிய தடம். காலையில் அடுப்பு மூட்டும்போது புகை வெளியே திரும்பி வருகிறது, சற்று நேரத்தில் சரியாகிறது.

கொத்தனார் கீழே நின்று பார்த்துவிட்டு "மேலே ஒரு பூச்சு போட்டால் போதும்" என்கிறார். அம்மைக்குச் சோறும் வெந்நீரும் விறகில்தான் ஆகணும். கூரையில் ஏறாமலே எது காற்றால் வந்த சேதம், எது பழைய குறை என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

தக்கலை_கட்டுமானம்:

முதல் வேலை, அடுப்பை நிறுத்துங்க. இரண்டாவது, கூண்டு விழுந்தால் எட்டும் இடத்தில் யாரும் நடமாடாதபடி ஒரு கயிறு கட்டுங்க. இரண்டடி சதுர சிலாப் இரண்டு அங்குலக் கனம் என்றால்கூட 45 கிலோ வரும். அது திரும்பியிருக்கிறது என்றால் கால்களில் ஒன்றாவது சாந்தைவிட்டுக் கழன்றிருக்கும். அடுத்த காற்றுக்கு அது ஓட்டை உடைத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் இறங்கும். கரண்ட் சர்வீஸ் வயர் கூண்டில் உரசியோ சாய்ந்தோ கிடந்தால் எதையும் தொடாதீங்க. மின்வாரியத்துக்காரர் வந்து பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இனி பார்க்கும் முறை. ஈர ஓட்டில் ஏற வேண்டாம். கீழே பட்டியல் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) உளுத்திருந்தால் ஓட்டோடு ஆளும் உள்ளே போய்விடுவார். உங்களுக்கு முன்பக்கம் காங்கிரீட் என்கிறீர்கள், அந்த மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) நின்று போனில் பெரிதாக்கி நாலு பக்கமும் படம் எடுங்க. வெயில் சாய்ந்து விழும் நேரம் நல்லது. உச்சி வெயிலில் விரிசல் தெரியாது, காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லிய கோடும் நிழல் காட்டும்.

சாய்வு பார்க்க, தூக்குக்குண்டு கட்டிய நூலைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நூலைக் கூண்டின் ஓரத்தோடு பொருத்திப் பாருங்க. பிறகு 90 டிகிரி நகர்ந்து அடுத்த முகத்திலும் அதேபோல். ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பக்கச் சாய்வு மட்டுமே தெரியும். ஒரு மீட்டருக்கு 10 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் பூச்சு என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். கூரைக்கு மேலே நிற்கும் கூண்டுக்குப் பக்கத்துணை கிடையாது. காற்று உச்சியைத் தள்ளினால் திருகல் (கூண்டை வளைத்து முறிக்கப் பார்க்கும் விசை) முழுவதும் சேருகிற இடம் கூரையைவிட்டு வெளியே வரும் முதல் இரண்டு மூன்று செங்கல் வரிகள். ஆகவே காற்றால் வந்த விரிசல் பெரும்பாலும் அங்கேதான், படுக்கைவாட்டில், காற்று வந்த பக்கம் வாய் திறந்து நிற்கும். எதிர்ப்பக்கம் அதே வரியில் சாந்து நசுங்கி உதிர்ந்திருக்கும். இந்த இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மற்ற விரிசல்களுக்கு வேறு காரணம் உண்டு. மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் ஓடினால் அது சூட்டில் உட்குழல் விரிந்து வெளிச்சுவரைப் பிளந்தது. வருஷக்கணக்கில் மெல்ல வருவது. படிக்கட்டு மாதிரி இணைப்புகளில் ஏறிப்போனால் அடித்தளம் இறங்கியிருக்கலாம். பூச்சில் வலைபோல மெல்லிய கீறல்கள், சிமெண்ட் அதிகமாகப் போட்டுச் சரியாக நீர் ஆற்றாமல் விட்டதால் வந்தவை. சேதம் என்றே கணக்கில் எடுக்க வேண்டாம்.

புதுசா பழசா என்று அறிய விரிசலின் ஓரத்தைப் பாருங்க. ஓரம் கூர்மையாக, உட்பக்கம் செங்கல் நிறம் பளிச்சென்று இருந்தால் அது புதுசு. ஓரம் மழுங்கி, உள்ளே பாசி, கரி, சிலந்திக்கூடு இருந்தால் பழசு. வெள்ளையடித்த சுண்ணாம்போ பெயிண்டோ விரிசலுக்குள் இறங்கியிருந்தால் கடைசியாக வெள்ளையடித்ததற்கு முன்பே அது இருந்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம்ம குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் கூரையைச் சுற்றி ஒட்டுப்போட்ட சாந்து இருக்கும். அந்தச் சாந்தையும் கிழித்துக்கொண்டு கோடு போகிறதா, சாந்துக்கு அடியில் மறைந்து நிற்கிறதா என்று பார்த்தால் எது முன்னே எது பின்னே என்று தெரிந்துவிடும்.

உங்கள் அளவுக்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். காற்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ அழுத்தம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. உங்கள் கூண்டு ஒன்றரை அடி அகலம், ஏழடி உயரம், சுமார் ஒரு சதுர மீட்டர். சதுர வடிவத்துக்கான கூடுதலையும் சேர்த்தால் 60 கிலோ பக்கவாட்டில் தள்ளும். கூண்டின் எடை அறுநூற்றுச் சொச்சம் கிலோ. அந்த எடையே காற்றுப் பக்கம் வாய் திறக்காமல் அழுத்திப் பிடிக்கும் எல்லை, உங்கள் அளவுக்கு ஏறத்தாழ இந்த ஏழடிதான். அதற்கு மேல் சாந்தின் பிடிப்பை நம்பித்தான் நிற்கணும். உயரம் இரட்டித்தால் எடை இரண்டு மடங்குதான் ஏறும், அடியில் வரும் திருகல் நாலு மடங்கு ஏறும். சாந்து பழசாகி மணலாகிவிட்ட கூண்டு இந்த உயரத்தில் விரிவது அதிசயமே இல்லை.

அடுப்புக்குள் விழும் பொடியை வெள்ளைத்தாளில் ஏந்தி இங்கே சொல்லுங்க, அதில்தான் பாதி பதில் இருக்கிறது. கருப்பாக, லேசாக, விரலில் பிசுபிசுப்பாக இருந்தால் வெறும் கரி. காற்றில் குழல் அதிர்ந்து உதிர்ந்தது, பயமில்லை. மணலாக நறநறத்து நடுவே வெள்ளைத் துகள் இருந்தால் உள்ளே சாந்து போகிறது. ஒரு முகம் தட்டையான சிவப்புச் செதில் என்றால் ஈரம் ஏறிய செங்கல் சூட்டில் தோல் உரிகிறது. அளவும் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை வேறு, ஒரு சிரட்டை வேறு.

ஆரல்வாய்மொழி_காற்று:

செங்கல் இல்லாமல் நாலங்குல ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். எங்கள் கணவாய்ப் பக்கம் வைகாசியில் தொடங்கும் காற்று புரட்டாசி வரை விடாது. இங்கே குழாய் உடைவது ஒரே புயலில் இல்லை, மாதக்கணக்கில் ஆடி ஆடித்தான். விரிசல் வருவதும் ஓட்டையோ காங்கிரீட்டையோ விட்டு வெளியேறும் இடத்தில்தான். சுற்றிலும் சாந்து வைத்து இறுக்கியிருப்பார்கள், குழாய் அசைய இடமில்லாமல் அந்த வளையத்திலேயே அறுபடும். வெளியே பார்த்தால் மயிரிழைக் கோடு, உள்ளே அரை வட்டம் போயிருக்கும். புகை நேரத்தில் அந்த இடத்தில் கருப்பு நாக்கு மாதிரி ஒரு கறை மேல்நோக்கி எழுந்திருந்தால் உடைந்தது உறுதி.

உடைந்த குழாயைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீங்க, ரம்பம் போடாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். நன்றாக நனைத்து, துணி முகமூடியாக இல்லாமல் சரியான முகமூடி போட்டு, முழுசாக உருவி எடுத்து, பாலித்தீனில் சுற்றி வைக்கணும். புதிதாக வைப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் குழாய்க்குப் போகலாம். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரம் என்றால் 316 தரம், உள்நாட்டில் 304 போதும். கல்வனைஸ் குழாய் உப்புக்காற்றிலும் விறகுப்புகைப் புளிப்பிலும் சீக்கிரம் ஓட்டையாகும்.

கூரைக்கு மேலே ஐந்தடிக்கு மேல் போகும் எந்தக் குழாய்க்கும் மூன்று பக்கம் இழுவைக் கம்பி கட்டுங்க, 120 டிகிரி இடைவெளியில். இரண்டு கம்பி கட்டினால் அது கட்டாததற்குச் சமம்.

ஓட்டுக்கூரை_மார்த்தாண்டம்:

நீர்த்தடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழுப்பு நிறத்தில் இறங்கி, கிட்டப்போனால் புகை வாடை அடித்தால் அந்தத் தண்ணீர் கரியைத் தொட்டு வந்தது. அதாவது உட்குழல் வழியாகவோ கூண்டுச் சுவர் விரிசல் வழியாகவோ இறங்கியிருக்கிறது. வாடையில்லாமல் மண் நிறத்தில் இருந்தால் ஓடும் கூண்டும் சேரும் மூட்டில்தான் ஒழுக்கு. இரண்டும் ஒரே நாளில் வரலாம். அதனால் தனித்தனியாகச் சோதிக்கணும்.

சோதனை இப்படி. மழையில்லாத நாளில், மட்டுப்பாவிலிருந்து ஹோஸ் எட்டினால், முதலில் கூண்டுக்குக் கீழ்ச் சரிவில் உள்ள ஓட்டில் பத்து நிமிஷம் தண்ணீர் விடுங்க, ஒருத்தர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். ஒழுகவில்லை என்றால் கூண்டின் பக்கவாட்டு மூட்டு, பிறகு மேல்சரிவுப் பக்க மூட்டு, கடைசியாகக் கூண்டுச் சுவர். கீழிருந்து மேலாகப் போனால்தான் எந்த மட்டத்தில் ஒழுக்குத் தொடங்குகிறது என்று பிடிபடும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து எதுவும் தெரியாது. சுவரில் நேரே பீய்ச்சி அடிக்க வேண்டாம், மழை மாதிரி தூவினால் போதும். உங்கள் கூண்டு ஆடும் நிலையில் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், பழுது முடிந்த பிறகு பார்க்கலாம்.

நம்ம பக்கத்து ஓட்டு வீடுகளில் பெரும்பாலும் கூண்டைச் சுற்றிச் சாந்தாலேயே கரை கட்டிவிடுவார்கள். கூரை மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும், கூண்டு அசையாது, நடுவில் இருக்கும் சாந்துக்கரை கிழியாமல் என்ன செய்யும்? காற்றில் ஓடு ஒரு தடவை தூக்கிப்போட்டாலே போதும். அந்த இடத்தில் தகடு வைப்பதுதான் சரி. அலுமினியத் தகடு, கூண்டுமேல் ஆறங்குலம் ஏறி, செங்கல் இணைப்பை ஓரங்குலம் குடைந்து அதற்குள் மடங்கிப் போகணும். மேல்சரிவுப் பக்கம் தண்ணீர் தேங்காமல் இரண்டு பக்கமும் பிரிந்து ஓட வாய்க்கால் மாதிரி மடிப்பு வைக்கணும். அலுமினியம் ஈரச் சிமெண்டைத் தொட்டால் அரிக்கும், சாந்துக்குள் போகும் ஓரத்துக்குத் தார் பூசிவிடுங்க.

இன்னொன்று: உள்ளே நின்று கழுக்கோலும் (கூரையின் சாய்வு மரம்) பட்டியலும் கூண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா பாருங்க. கூரை காற்றில் ஆடும்போது அந்த மரம்தான் கூண்டைக் குத்துகிறது. சுற்றிலும் இரண்டங்குல இடைவெளி வேண்டும். தீப்பிடிக்காமல் இருக்கவும் அதே இடைவெளிதான் காப்பு. மரம் தொடும் இடம் கருகிக் கறுத்திருந்தால் உள்ளே விரிசல் வழியே சூடு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுப்புப்புகை_கருங்கல்:

காலையில் மட்டும் புகை திரும்புவதற்கு விரிசல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். அறுநூறு கிலோக் கூண்டில் நூறு கிலோவுக்கு மேல் தண்ணீர் நிற்கலாம். இரவில் அது குளிர்ந்து, உட்குழலில் கனத்த காற்று குந்தியிருக்கும், புகை மேலே ஏறாது. அடுப்பு சூடானதும் சரியாகிறது என்கிறீர்களே, அது இந்த வகைதான். கூண்டு சரிதான் என்று உறுதியான பிறகு, விறகு வைப்பதற்கு முன் காய்ந்த கொதும்பும் (தென்னம்பாளை) ஓலையும் ஒரு கைப்பிடி வேகமாக எரித்தால் குழல் சூடேறி இழுக்கும்.

புகை எப்போதும் திரும்பினால் குழலில் அடைப்பு. பெரும்பாலும் தென்னமட்டையின் நுனியோ, பறவைக்கூடோ, உள்ளே விழுந்த செங்கல்லோ இருக்கும். ஒரு திசைக் காற்றில் மட்டும் திரும்பினால் தொப்பி நகர்ந்ததைப் பாருங்க. தொப்பியும் சரியாக இருந்தால் சுற்றிலும் மரம் விழுந்திருக்கிறதா பாருங்க. மறைப்பாக நின்ற ரப்பரோ அயனியோ சாய்ந்துவிட்டால் காற்று முகட்டைத் தாண்டி நேரே கூண்டு வாய்க்குள் இறங்கும். கூண்டில் ஒரு குறையும் இருக்காது, கொத்தனாரை எத்தனை தடவை கூப்பிட்டாலும் புகை நிற்காது. முகடு எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

அடைப்பைப் பார்க்க, கரி அள்ளும் வாசலில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து மேலே பாருங்க. உங்கள் கூண்டுக்குத் தொப்பி இருப்பதால் வானம் முழுசாகத் தெரியாது, நாலு பக்கமும் நாலு வெளிச்சப் பட்டை தெரியணும். ஒன்று குறைந்தால் அந்தப் பக்கம் சிலாப் இறங்கியிருக்கிறது. குழல் சுவரில் நடுவழியில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அது விரிசல், முழுக்க ஊடுருவியது.

ஒரு எச்சரிக்கை. புகை கண்ணை எரிக்கும், அதனால் ஜன்னலைத் திறப்போம். கனல் மட்டும் இருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குழல் அடைத்த அடுக்களையில் இரவு கனலை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் படுக்கவே கூடாது. தலைவலி, குமட்டல் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் உடனே வெளியே வந்துவிடணும்.

திருவட்டாறு_வாசி:

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மேற்கு முகத்தில் ஓட்டுக்கு மேலே மூன்றாம் வரியில் படுக்கைவாட்டு விரிசல், முகம் முழுக்க. வாய் இரண்டு மி.மீ. இருக்கும், உள்ளே செங்கல் சிவப்புப் பளிச்சென்று தெரிகிறது. கிழக்கு முகத்தில் அதே வரியில் பூச்சு பொரிந்து உதிர்ந்திருக்கிறது. தூக்குநூல் வைத்ததில் கிழக்குப் பக்கம் மொத்த ஏழடிக்கும் சேர்த்து ஓரங்குலம் சாய்வு. பொடி மணல்தான், வெள்ளைத் துகளோடு, தினம் அரைச் சிரட்டை. கண்ணாடியில் மூன்று பட்டைதான் தெரிகிறது. ஒரு கழுக்கோல் கூண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கருகல் இல்லை. முகடு கூண்டிலிருந்து எட்டடி தள்ளி, கூண்டு ஓட்டைவிட்டு வெளியே வரும் மட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரம்.

கொத்தனார் இப்போது "இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிடலாம்" என்கிறார்.

நாகர்கோவில்_வெல்டர்:

பட்டை போடலாமே. 40க்கு 5 மி.மீ. பட்டை இரும்பில் இரண்டு வளையம், நாலு மூலைக்கும் ஆங்கிள், போல்ட் போட்டு இறுக்கினால் அசையாது. பிரித்துக் கட்டுகிற செலவில் பாதி ஆகாது.

தக்கலை_கட்டுமானம்:

வளையம் நேர்க்கோட்டு விரிசலுக்கு உதவும், கூண்டு பக்கவாட்டில் பிளந்து விரியாமல் பிடிக்கும். இங்கே விரிசல் படுக்கைவாட்டில். வளையம் எத்தனை போட்டாலும் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட்டு எழும்புவதைத் தடுக்காது. நாலு மூலை ஆங்கிளையும் ஓட்டுக்குக் கீழே நாலடி வரை இறக்கி, அங்கே நல்ல சுவரில் பிடித்தால் வேலை செய்யும். அதற்கு ஓட்டைப் பிரிக்கணும். பிரித்த பிறகு உள்ளே மணலாகிப்போன சாந்தைக் கட்டிக் காப்பாற்றுவதில் என்ன லாபம்? உப்பும் புகையும் படும் இடத்தில் இரும்பு துருப்பிடித்துப் பருத்துச் செங்கல்லையும் பிளக்கும்.

நீங்கள் சொன்னதில் மூன்று ஒரே பக்கம் காட்டுகின்றன. மேற்கே வாய் திறந்து, கிழக்கே நசுங்கி, கிழக்கே சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வு மீட்டருக்கு 12 மி.மீ. வருகிறது. காற்றுச் சேதம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. உதிரும் மணல் பழைய சுண்ணாம்புச் சாந்து தேய்ந்ததைச் சொல்கிறது. காற்று இல்லாவிட்டாலும் சில வருஷத்தில் வந்திருக்கும், காற்று முந்திக்கொண்டது.

ஆக, பிரிக்கணும். ஆனால் ஏழடியைத் திரும்ப ஏழடியாகக் கட்ட வேண்டாம். பத்தடிக்குள் இருக்கும் எந்தக் கூரைப்பகுதியையும்விட இரண்டடி மேலே, கூரையை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி என்பது வழக்கமான கணக்கு. முகடு உங்களுக்கு எட்டடியில் இருப்பதால் கணக்கில் வரும். இரண்டரையும் இரண்டும் நாலரை. ஐந்தடி கட்டினால் புகையும் போகும், ஏழடியில் வரும் திருகலில் பாதிதான் அடியில் சேரும்.

பிரிக்கும் முறை: சாரம் கூரையில் சாய்க்காமல் தரையிலிருந்து தனியாக எழும்பணும். முதலில் சிலாப், அதைக் கயிற்றில் கட்டித்தான் இறக்கணும், தள்ளிவிடக் கூடாது. பிறகு வரி வரியாகக் கையால். அடுப்பு வாயை ஈரச்சாக்கால் அடைத்துவிடுங்க, இல்லாவிட்டால் அடுக்களை முழுக்கக் கரி. விரிசல் மூன்றாம் வரியில் என்றால் முதல் வரி வரை இறங்குங்க. அங்கே சாந்தை ஆணியால் சுரண்டிப் பாருங்க. சுலபமாக ஓரங்குலம் போனால் இன்னும் இறங்கணும், கெட்டியான வரி கிடைக்கும் வரை.

கணக்கு: ஒன்றரை அடிக் கூண்டுக்கு வரிக்கு 6 செங்கல். ஐந்தடிக்கு 20 வரி, முதல் வரி நிற்பதால் 19 வரி, 114 செங்கல். உடைசலுக்குச் சேர்த்து 125 வாங்குங்க. பழைய செங்கல்லைக் கரிபடிந்த முகத்தோடு திரும்ப வைக்க வேண்டாம். கரியில் சாந்து பிடிக்காது, பூச்சிலும் மஞ்சளாக ஊறிவரும். கட்டுக்கலவை சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. வெறும் சிமெண்டில் 1:3 என்று கெட்டியாகப் போட்டால் கீழே நிற்கும் பழைய சுண்ணாம்புக் கட்டோடு சேராது, சூட்டில் செங்கல்தான் பிளக்கும். கட்டு, வெளிப்பூச்சு, தலைமூடி (கூண்டு உச்சியில் புகைவாய் விட்டு வார்க்கும் காங்கிரீட் பலகை) எல்லாவற்றுக்கும் சேர்த்து சிமெண்ட் ஒரு மூட்டை போதும். மணல் 5 கன அடி, சுண்ணாம்பு 10 கிலோ, தலைமூடிக்குக் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை உள்ள சல்லி ஒரு கன அடி.

செங்கல்லைக் கட்டுமுன் நனைக்கணும், ஆனால் சொட்டச் சொட்ட வைக்கக் கூடாது. உட்பக்க இணைப்புகளைச் சாந்து பிதுங்காமல் மட்டமாக வழித்துவிடச் சொல்லுங்க. பிதுங்கிய சாந்தில்தான் கரி முதலில் தங்கும். கழுக்கோலை இரண்டங்குலம் வெட்டிப் பின்வாங்கி, குறுக்குச் சட்டம் ஒன்றில் தாங்க வையுங்க, ஆசாரிக்கு அரைநாள் வேலை.

தலைமூடி 22 அங்குல சதுரம், மூன்றங்குலக் கனம், 8 மி.மீ. கம்பி ஆறங்குல இடைவெளி, 1:1½:3 கலவை. கூண்டைவிட நாலு பக்கமும் இரண்டங்குலம் வெளியே நீட்டி, அடியில் தண்ணீர் சொட்ட ஒரு காடி விடணும். மேல்முகம் வெளிப்பக்கம் சரியணும். தொப்பிக்கு மறுபடி 45 கிலோ சிலாப் வேண்டாம். மூன்றடி அகலத் தகரத்தில் கொல்லரிடம் மடித்த கூரைத் தொப்பியும் வேண்டாம், அது அடுத்த காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஸ்டெயின்லெஸ் தகடு, நாலு கால், வார்க்கும்போதே காலைக் காங்கிரீட்டுக்குள் பதித்துவிடுங்க. தொப்பிக்கும் வாய்க்கும் இடையே ஆறங்குலம் இருக்கட்டும். தொப்பிக்கும் தலைமூடிக்கும் நடுவில் எம்-சீல், சாதாரண சிலிக்கான் எதையும் பூச வேண்டாம், சூட்டில் வெந்து உதிரும்.

ஓட்டுக்கூரை_மார்த்தாண்டம்:

ஓடு பிரித்துக் கிடக்கும்போதே நான் மேலே சொன்ன தகட்டை வைத்துவிடுங்க, பிறகு அதற்காக ஒருதடவை கூரை ஏற வேண்டாம். ஓடு ஒரு ஐம்பது கூடுதலாக எடுத்து வையுங்க. பழைய அச்சு இப்போது எல்லாச் சூளையிலும் கிடைக்காது, ஓட்டின் பின்பக்க முத்திரையைப் பார்த்து அதே அளவு தேடணும்.

காப்பீடு_வடசேரி:

கொத்தனார் கைவைக்குமுன் படம். விரிசல் பக்கத்தில் ஸ்கேல் ஒன்று, தூக்குநூலோடு முழுக் கூண்டு, உதிர்ந்த பொடி, உள்ளே நீர்த்தடம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் கொடுக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி இருந்தால் புயல், சூறாவளிச் சேதம் அதில் சேரும். தேய்மானம் சேராது. உங்கள் கூண்டில் சாந்து தேய்ந்ததும் காற்று உடைத்ததும் இரண்டும் இருப்பதால், கூர்மையான ஓரமும் சிவப்பு நிறமும் தெரியும் படம்தான் உங்களுக்குச் சாட்சி. உடனே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்க, சர்வேயர் வரும்வரை உடைந்த செங்கல்லை வெளியே கொட்ட வேண்டாம். பாலிசி இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் படத்தோடு எழுதிக் கொடுங்க, சேதக் கணக்கெடுப்பு நடந்தால் பெயர் அதில் வரும்.

புகைப்புரை_குலசேகரம்:

ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை வைத்திருப்பவர்கள் இதே சோதனையை அங்கேயும் செய்துவிடுங்க. உள்ளே 40 முதல் 60 டிகிரிதான் இருக்கணும். அடுப்பிலிருந்து வரும் புகைப்பாதையில் விரிசல் விழுந்தால் பொறி நேரே ஷீட்டில் ஏறும். கூண்டு வாய் அடைத்தால் ஈரம் போகாமல் ஷீட் பூஞ்சை பிடிக்கும். காற்றுக்குப் பிறகு முதல் தடவை மூட்டும்போது ஷீட் இல்லாமல் வெறும் புரையில் அரைநாள் ஓட்டிப் பாருங்க.

திருவட்டாறு_வாசி:

பிரித்துக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. கட்டி முடித்து எத்தனை நாளில் அடுப்பு மூட்டலாம்? அதுவரை கேஸ்தான்.

தக்கலை_கட்டுமானம்:

ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி நீர் ஆற்றணும், பிறகு ஒரு வாரம் சும்மா காயணும். மழை நாளாக இருந்தால் இன்னும் தள்ளிப் போடுங்க. பதினைந்தாம் நாள் முதல் தீ, காய்ந்த ஓலை மட்டும், அரைமணி நேரம். மறுநாள் ஒரு மணி நேரம், சிரட்டையும் கொதும்பும். மூன்றாம் நாள் பாதி விறகு. புதுக் கட்டில் முதல் நாளே ரப்பர் விறகைத் திணித்து எரித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி இணைப்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

முழு விறகு வைக்குமுன் புகைச்சோதனை ஒன்று. ஜன்னல் கதவு திறந்து, அம்மையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பழைய சட்டியில் ஈரத் தொண்டு (தேங்காய் மட்டை) போட்டு அடுப்புக்குள் புகையவிடுங்க. சாரம் பிரிக்காமல் இருக்கும்போதே செய்தால் மேலே ஒருத்தர் நின்று ஈரச்சாக்கால் வாயை இரண்டு நிமிஷம் மூடலாம். ஓட்டுக்கு அடியில், கழுக்கோல் வெட்டின இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்க, புகை எட்டிப்பார்த்தால் சுண்ணக்கட்டியால் அந்த இடத்தில் குறி போட்டுவிட்டுச் சாக்கை எடுக்கச் சொல்லுங்க. கொத்தனாருக்கு மீதிக் கூலி அதற்குப் பிறகு.